அழிந்த வட்டும் அத்தையின் பெயரும்

2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்துக்கு வந்து கணினியை இயக்கினேன். திரையில் பிழைச் செய்திகள் வரிவரியாக ஓடின. அணைத்தேன், மீண்டும் இயக்கினேன். இப்படி ஐந்து முறை. வாசலில் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி, தம் வயதுக்குச் சான்று காட்டுவதற்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு நின்றிருந்தார்.

அந்தக் கணினியில்தான் எங்கள் பங்கின் பழைய பதிவேடுகள் படங்களாக இருந்தன. ஏழு மாதம் உழைத்து ஏடு ஏடாகப் படமெடுத்திருந்தோம். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அலமாரியில் கரையான் ஏறி, மூல ஏடுகளில் இரண்டைத் தின்றுவிட்டது. படங்கள்தாம் இருக்கின்றனவே என்று ஆறுதல் கொண்டேன். வேறொரு பிரதி எடுத்து வைக்குமாறு உபதேசியார் இருமுறை நினைவூட்டினார். "கணினியில் இரண்டு வட்டுகள் உள்ளன, பயமில்லை" என்றேன்.

மாலையில் வந்த பங்கு இளைஞர், கணினிப் பொறியாளர், முதலில் சொன்னது இதுதான்: "சாமி, இனி இதைத் தொடாதீர்கள். பழுதான வட்டை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எஞ்சியிருப்பதும் போய்விடலாம்." பிறகு என் நம்பிக்கையின் பிழையை விளக்கினார். எங்கள் கணினியில் லினக்ஸின் 'எல்விஎம்' என்னும் ஏற்பாடு இருந்தது. வரப்பை நீக்கி இரண்டு வயல்களை ஒரே வயலாக்குவது போல, அது இரண்டு வட்டுகளைச் சேர்த்து 'லாஜிக்கல் வால்யூம்' என்னும் ஒரே இடமாகக் காட்டும். இடம் பெருகுமேயன்றிப் பாதுகாப்புப் பெருகாது. ஒரு வட்டில் உள்ளது மற்றதில் இல்லை. ஒன்று போனால் முழு இடமும் ஊனப்படும்.

பழுதானது இரண்டாம் வட்டு. அதைத் தனியே கழற்றி, 'டிடிரெஸ்கியூ' என்னும் நிரலால் புதிய வட்டுக்குப் பிரதியெடுத்தார். அந்நிரல் பழுதான இடத்தில் நின்று போராடுவதில்லை. படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொள்கிறது. விட்டுச் சென்ற இடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, பிறகு திரும்பி வந்து அவற்றை முயல்கிறது. இரண்டு இரவுகள் ஓடின. நானும் சரியாக உறங்கவில்லை.

பிரதி முடிந்தும் கணினி அதை அறிந்துகொள்ளவில்லை. வட்டின் அடையாளம் எழுதியிருந்த தொடக்கப் பகுதியே அழிந்திருந்தது. அப்போது இளைஞர் முதல் வட்டைத் திறந்தார். ஒரு தொகுதியில் சேர்ந்த ஒவ்வொரு வட்டும், வழக்கமாக, தன் தொடக்கத்தில் முழுத் தொகுதியின் அட்டவணையையும் தாங்கியிருக்குமாம். காணாமற்போன தன் துணையின் அடையாள எண்ணும், எந்தத் துண்டு எங்கே என்னும் கணக்கும் முதல் வட்டில் அப்படியே இருந்தன. அந்த அடையாளத்தைப் புதிய வட்டில் எழுதியதும் உடைந்த இடம் மீண்டும் ஒன்றாயிற்று. பழைய வட்டைத் தொடாமல், பிரதியின்மேல்தான் மற்றப் பழுதுகளைப் பார்த்தார்.

பெரும்பகுதி மீண்டது, சில பக்கங்கள் மீளவே இல்லை. மூதாட்டியின் பக்கம் கிடைத்தது. ஆனால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். பெயர், நாள், பெற்றோர் தெரிந்தன. ஞானத்தாயின் பெயர் இருந்த கடைசி வரி மறைந்திருந்தது. தயக்கத்துடன் அவரிடம் காட்டினேன். அவர் கவலைப்படவில்லை.

"அது எங்க அத்தை சாமி. அவங்க கையிலதான் என்னை ஏந்திக்கிட்டு நின்னாங்கன்னு அம்மா சொல்லும்" என்றார். அத்தையின் பெயரையும் சொன்னார். அவர் வாய்மொழி என்று குறித்துத் தனித்தாளில் எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு குருமடத்தின் சட்ட வகுப்பு நினைவுக்கு வந்தது. 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் பங்குப் பதிவேடுகளின் பிரதியொன்றை ஆயர் அலுவலகத்துக்கு அனுப்புமாறு பங்குத்தந்தையைப் பணித்திருந்தது. பழைய காலத்து எழுத்து வேலை என்று அன்று நாங்கள் சிரித்தோம். கணினியைக் கண்டிராத அந்தப் பெரியவர்கள், தீயையும் கரையானையும் மனித மறதியையும் நன்கு அறிந்திருந்தார்கள். நான் கற்றிருந்தும் செய்யவில்லை.

இப்போது படங்களின் பிரதி மூன்று இடங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று எங்கள் ஊருக்கு வெளியே. மாதத்தின் முதல் திங்களன்று ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். திறக்கிறதா என்று உபதேசியார் கேட்கிறார். இப்போதெல்லாம் நான் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.