பேய் விரல்

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கொஞ்ச காலம் கேட் என்ட்ரி போட்டேன். ராத்திரி ஷிஃப்ட். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் தீ ஆடிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகவேண்டிய ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு எழுத்து, ஏழு எண். கடைசி எண் சும்மா இல்லை. முந்தைய பத்தையும் ஒரு கணக்காகப் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் மிஞ்சுவது அது. அதனால் ஒரு எழுத்தைப் பிசகி அடித்தால் கணினி பெரும்பாலும் பிடித்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. எண், டேப், அளவு, டேப், சீல், டேப், டேப், என்டர் என்று விடிய விடிய அடிப்பதுதான் ஆளைக் கொன்றது.

ஆட்டோஹாட்கீ என்று ஒரு இலவச மென்பொருள், 2003-இல் வந்தது. எஃப்9-ஐ அழுத்தினால், அது திரைக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே மடக்கி, நாம் எழுதிவைத்த விசைகளை வரிசையாக அனுப்பும். பதினைந்து வரி எழுதினேன். முதல் நாள் ஒரே அவசரம் அதற்கு. அடுத்த கட்டம் திறப்பதற்குள் எண்ணைக் கொட்டிவிட்டது. டேப்புக்கு டேப் 200 மில்லி விநாடி தூங்கவைத்தேன், அடங்கியது. எக்செல் பட்டியலைப் பார்த்து அது பாட்டுக்கு அடிக்கும், நான் டீ குடிப்பேன். சீட்டுக்கு நின்ற டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பேய் அடிக்குதா?"

சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. காப்பியடிக்கிற பையனின் கூச்சம்.

ஒருநாள் தமிழில் லீவ் லெட்டர் அடித்துவிட்டு, மறதியில் எஃப்9-ஐத் தட்டினேன். சி, எஸ், கியூ, யு என்று தொடங்கவேண்டிய பெட்டி எண் 'ஒஇஆற' என்று தொடங்கியது. என் ஸ்கிரிப்ட் அனுப்பியதை, அதே வழியில் உட்கார்ந்திருந்த தமிழ் விசைப்பலகை மடக்கித் தமிழாக்கி அனுப்பியிருந்தது. அடித்தது விரலா ஸ்கிரிப்டா என்று அது பார்க்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் நிலைத்த தமிழ்99 விசைப்பலகையில், 'அம்மா'வுக்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. நடுவில் உள்ள புள்ளியை நான் அடிப்பதே இல்லை. இரண்டாவது 'ம' வந்ததும் மென்பொருளே வைத்துவிடுகிறது. தமிழ் அடிக்க உதவும் எ-கலப்பை மென்பொருளுக்கு ஆரம்பகாலத்தில் அடியில் இருந்தது கீமேன் என்ற இன்னொரு மென்பொருள். ஆஸ்திரேலியாவில் லாவோ மொழிக்காகப் பிறந்தது. நான் அம்மாவுக்கு எழுதியதெல்லாம் இப்படி வழியில் ஒருவர் மடக்கி மாற்றிக் கொடுத்ததுதான். அதற்கு ஒரு நாளும் கூசியதில்லை.

'ஒஇஆற'வை நாலு பேக்ஸ்பேஸில், சொந்த விரலால் அழித்தேன். வெளியே ஹாரன்.

"பேய் தூங்கிடுச்சா சார்?"