கிழவருக்கு வயது நாற்பது

மார்க்கம் வீதியில் பேருந்துக்குக் காத்து நிற்கையில், தரிப்பிடக் கூண்டுக்கு வெளியே ஒரு முதியவர் கையுறைக்குள் சுருட்டொன்றை மறைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துச் சரக்காக இருக்க முடியாது, இங்கே ஏதோ கடையில் வாங்கியதுதான், ஆனாலும் பனிக்காற்றோடு அந்தக் காட்டம் மூக்கில் ஏறியதும் பெரியையாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு, அவருடைய சட்டைக் கஞ்சியும் நல்லெண்ணெயும் சுருட்டும் கலந்த மணத்துக்குள் முற்றவெளியைக் கடந்து ரீகல் தியேட்டருக்குப் போன மாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன.

பெரியையா ரயில்வேயில் கார்ட்டாக இருந்து பென்சன் எடுத்தவர், எதையும் நேரம் பார்த்துச் செய்கிறவர், குடித்து மிஞ்சிய பாதிச் சுருட்டை அணைத்து வாசல் நிலையின் மேல் வைத்துவிட்டு, இரவுச் செய்திக்கு வானொலி மணி அடிக்கும்போது தன்னுடைய பொக்கெற் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார், ஒரு திருகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் மற்றவர்கள் எம்ஜிஆர், சிவாஜி என்று பிரிந்து நிற்க, இவர் மட்டும் ஆங்கிலப் படங்களுக்காக ரீகலுக்குப் போவார், அங்கே வரும் கவ்பாய் படங்களில் குதிரையும் ரயிலும் இருக்கும் என்பதே அவருக்குப் போதுமான காரணம்.

செர்ஜியோ லியோனியின் ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ 1965-ல் இத்தாலியில் வெளியானது, எங்கள் ஊருக்கு வரும்போது வருடங்கள் பல போய், திரையில் மழை பெய்வதுபோல் கீறல் விழுந்திருந்தது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பைபிளை முகத்துக்கு முன் பிடித்தபடி ரயிலில் வருகிற கேணல் மோர்ட்டிமர், டுகும்காரியில் இந்த ரயில் நிற்காது என்று சொல்லப்பட்டதும், அபாயச் சங்கிலியை இழுத்து நிறுத்திவிட்டுச் சாவகாசமாக இறங்குவார். தியேட்டரே விசிலடித்தது, பெரியையா மட்டும் இருக்கையில் நிமிர்ந்து, “தேவையில்லாமல் சங்கிலி இழுத்தால் பைன் கட்டவேணும், கார்ட் ஏன் சும்மா நிக்கிறான்?” என்றார். கோபம் உண்மையான கோபம், இடைவேளையில் கச்சான் வாங்கித் தரும்போதுகூட அது ஆறவில்லை.

ஆனால் அதே மனிதர் மோர்ட்டிமரை மன்னித்துவிட்ட கட்டமும் எனக்குத் தெரியும். தேடப்படும் ஒருவன் தெருவில் நின்று சுடச் சுட, அவன் குண்டு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, கேணல் அவசரமே இல்லாமல் தன் நீளக் குழல் கைத்துப்பாக்கிக்கு மரக்கட்டையைப் பூட்டித் தோளில் வைத்து, ஒரே வெடியில் முடிப்பார். நாங்கள் ஈஸ்ட்வுட்டின் கை வேகத்தில் மயங்கிக் கிடந்தோம், பெரியையாவோ மெல்ல, “அளந்துதான் நிக்கிறான்” என்றார், அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான். கடைசியில், தன் தங்கையின் சாவுக்குக் காரணமானவனை எதிரே நிறுத்தி, கடிகாரத்தின் சங்கீதம் ஓய்ந்ததும் சுட வேண்டும் என்று மொரிக்கோனியின் அந்த மணியோசை இழுத்து இழுத்துத் தேய்ந்தபோது, இருட்டில் அவர் கை தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

பிறகு துவக்குகள் திரையை விட்டு எங்கள் ஒழுங்கைகளுக்கே வந்துவிட்டன, 1981-ல் நூலகம் எரிந்தது, கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைகளில் அந்தப் பக்கமே சிதைந்தது, பழிக்குப் பழி என்ற கதையைக் காசு கொடுத்துப் பார்க்கிற மனநிலை யாருக்கும் இருக்கவில்லை. கனடாவுக்கு வருவதற்கு முன் வடபழனியில் ஒரு வீட்டில் இருந்தோம், வீட்டுக்காரர் பழைய லைட்பாய், கர்ணன் இயக்கிய ஜெய்சங்கரின் ‘கங்கா’ 1972-ல் வந்தபோது எப்படி ஓடியது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார், தொப்பியும் பெல்ட்டும் போட்டுவிட்டால் கோடம்பாக்கத்துக் குதிரைக்கும் டெக்சாஸ் வந்துவிடும் என்பார். நல்ல மனிதர், கதைகளை மட்டும் கொஞ்சம் நீட்டுவார்.

1992-ல் ‘அன்ஃபர்கிவன்’ வந்தபோது நான் செயின்ட் ஜேம்ஸ் டவுனில் ஒரு படுக்கையறை வீட்டில் பெடியளோடு இருந்தேன், பகலெல்லாம் டவுன்ரவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவி, கையில் சவர்க்கார மணம் போகாமலே படத்துக்குப் போனேன். வயோமிங் என்று அவர்கள் காட்டிய பூமி உண்மையில் அல்பேர்ட்டா, வந்த நாட்டை முதன்முதலாக விரிவாகப் பார்த்தது அந்தத் திரையில்தான். பன்றித் தொழுவச் சேற்றில் விழுகிறார், குதிரையேறத் தடுமாறுகிறார், தகரப் பேணியைக் கைத்துப்பாக்கியால் அடிக்க முடியாமல் உள்ளே போய்ப் பெரிய துவக்கை எடுத்துவருகிறார், அந்த ஈஸ்ட்வுட்டுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது, கதையைக் கையில் வைத்துக்கொண்டு தனக்கு வயது ஏறும்வரை காத்திருந்தாராம். நண்பனுக்காக அவர் தீர்க்கிற பழியை விட, கூரை ஒழுகும் வீட்டைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்த ஷெரீப் செத்துப் போவதுதான் என்னைத் தைத்தது. நாலு ஒஸ்கார் கிடைத்தது, கடைசியில் செர்ஜியோவுக்கும் டானுக்கும் என்று சமர்ப்பணம் போட்டிருந்தார்கள், அந்தச் செர்ஜியோ லியோனிதான்.

அந்தக் குளிர்காலத்தில் கிளாலிக் கடல் தாண்டி வந்த கடிதமொன்றில் பெரியையா காலமான செய்தி இருந்தது. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றுபோன பிறகும் ரயில் வரும் நேரத்துக்கு அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பதை விடவில்லை என்று பெரியம்மா எழுதியிருந்தார், ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 ஆனது.

இப்போது வுட்சைட் தியேட்டருக்குத் தமிழ்ப் படம் பார்க்கப் போனால் வெண்ணெய் ஊற்றிய பொப்கோர்ன் மணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, எல்லோருடைய மடியிலும் ஒரு சின்ன வெளிச்சம். பேரன் வீட்டில் கைபேசியில் லியோனியின் கடைசிச் சண்டையை மட்டும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான், பிணங்களைக் கூட்டி எண்ணும் ஈஸ்ட்வுட்டிடம் பங்கு கேட்காமல் கேணல் குதிரையைத் திருப்பியதும், “ஏன் அம்மப்பா காசு எடுக்காமல் போறார்?” என்று கேட்டான். சிறுவனாக அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். இப்போது பார்க்கையில், நாளை விடிந்து எழும்பி எந்தத் துவக்குக்கு எண்ணெய் போடுவதென்று தெரியாத ஒரு பென்சன்காரரின் முகமாகத்தான் அது தெரிந்தது. லீ வான் கிளீஃப் அந்நாளில் விபத்தில் முழங்கால் கெட்டு, பட வாய்ப்பு வற்றி, ஓவியம் வரைந்து பிழைத்துக்கொண்டிருந்தவர், குதிரையேறவே சிரமப்பட்டாராம். அவருக்கு அப்போது நாற்பது வயதுதான், அவரைக் கிழவர் என்று கூப்பிடும் ஈஸ்ட்வுட்டை விட ஐந்து வயது மூப்பு என்றேன்.

“அப்ப அப்பாவைவிடச் சின்ன ஆள்” என்றான் பேரன்.

ரயிலில் வருகிற கட்டத்தைப் போடச் சொன்னேன், விரலால் தள்ளித் தள்ளித் தேடிப் பார்த்தான், அதில் சுடுபாடு ஒன்றுமில்லையே என்றான்.