முழுகாமல் இருத்தல்

கருவுற்ற நிலையைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சூல் என்பர், மசக்கை என்பர். 'வயா' என்னும் உரிச்சொல்லுக்கு வேட்கை மிகுதி எனத் தொல்காப்பியம் பொருளுரைக்கும். எங்கள் வடமதுரைப் பக்கத்துப் பெண்களோ "அவ முழுகாம இருக்கா" என்பார்கள். நிகழாத ஒன்றைச் சொல்லி நிகழ்ந்ததை உணர்த்தும் இத்தொடரை இடக்கரடக்கலுக்குச் சான்றாக வகுப்பில் பலமுறை காட்டியிருக்கிறோம். (எங்கள் வீட்டில் இருவருக்கும் தமிழ் நடத்துவதே பிழைப்பு.) அதனுள் ஓர் அச்சமும் ஒளிந்திருப்பதைப் பழைய மாணவி ஒருத்தியிடம்தான் கற்றோம்.

படிப்பைப் பாதியில் நிறுத்தித் திருமணமாகி எங்கள் தெருவுக்கே வாழ வந்தவள் அவள். நூற்பாலையில் வேலை. விடியுமுன் மில் வேன் தெருமுனையில் வந்து நிற்கும். ஐந்தாம் மாதம், வயிறு தெரிந்த பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தாள். ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் 7.6 இருந்தது. "காலேஜ் வரைக்கும் வந்தவ, இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாது.

"போன தடவை ரெண்டாம் மாசமே எல்லாருக்கும் சொல்லிட்டோம்மா. மூணாம் மாசம் தங்கல. இந்த வாட்டி வாயத் தெறக்காதேன்னு அத்தை சொல்லிட்டாங்க. நர்ஸம்மா படியேறி வந்தா தெருவுக்கே தெரிஞ்சு போகுமே" என்றாள்.

பேறுகாலக் கவனிப்பைப் பெண்கள் நாடாமைக்கு வறுமை, அறியாமை, தொலைவு என்று காரணங்கள் அடுக்கப்படுவதுண்டு. தமிழ்நாட்டில் இவை பெரிதும் குறைந்துள்ளன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கியது. 2006இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ஆயிற்று. பெண்கள் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதே கேள்வி. முதற் பரிசோதனை 12 வாரங்களுக்குள் நடக்க வேண்டும், மொத்தம் எட்டு முறையேனும் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அந்தப் பன்னிரண்டு வாரங்கள்தாம் ஊர் வழக்கப்படி வாய்திறக்கக் கூடாத மூன்று மாதங்கள். மொசாம்பிக் நாட்டிலும் பொறாமைக்கும் சூனியத்துக்கும் அஞ்சிப் பெண்கள் கருவை மறைப்பதுண்டு என்று படித்தபோது, அத்தை அங்கும் இருக்கிறாள் என்று தோன்றியது.

கூலி போவது தனிக் கதை. பரிசோதனை நாளன்று வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. அடிக்கடி விடுப்புக் கேட்டால் மேற்பார்வையாளருக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் இரகசியம் மில் வேனிலேயே ஊர் வந்து சேர்ந்துவிடும்.

அவள் அத்தையைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் இல்லை. எங்கள் மகள் வயிற்றில் இருந்தபோது நாங்களும் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை, பெற்றவர்களிடம்கூட. ஆனால் நாற்பதாம் நாளே திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவரிடம் போய் வந்தோம். பஸ் ஏறி, யாரையும் அறியாத ஊரில், கட்டணம் கட்டி, திரைக்குப் பின்னால். ஊருக்கு மறைத்துக்கொண்டே மருத்துவம் பார்க்க எங்களிடம் காசு இருந்தது. இலவசமாக வீடு தேடி வரும் கவனிப்பு அவளுக்கு ஓர் அறிவிப்பாகவும் ஆகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியே ஏற்றினார்கள். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது, எடை 2.6 கிலோ. இதையெல்லாம் எழுதக் காரணம், போன வாரம் அவளே எங்கள் அடுக்களைக்கு வந்து மெல்லச் சொன்னதுதான்: அவளுடைய ஓரகத்திக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறதாம். அத்தைக்கு இன்னும் தெரியாதாம்.

வரும் செவ்வாய்க்கிழமை எங்களில் ஒருத்தி அந்தப் பெண்ணுடன் காய் வாங்கப் போவதாக ஏற்பாடு. கூடை ஒன்றை எடுத்து வாசலில் வைத்திருக்கிறோம். திரும்பும்போது மறக்காமல் கொஞ்சம் கத்தரிக்காயும் வாங்கி வர வேண்டும்.