கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள்

உலகைச் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பல இடங்களில் தூண்டுகிறது. ஆனால் நம் குடும்பங்களில் பயணம் என்பது திருமணம், மௌத்து வீடு, மருத்துவமனை என்ற அளவோடு நின்றுவிடுகிறது. மகிழ்ச்சிக்காகவே ஒரு நாள் வெளியே செல்லும் வாய்ப்பு பெரும்பாலும் ஆண்களுக்கும் ஆண் பிள்ளைகளுக்குமே கிட்டுகிறது. பெண்கள் சோறு கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று வழியனுப்புவார்கள். என் இல்லமும் இதற்கு விலக்காக இருந்ததில்லை.

2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 64 ஏக்கர் பரப்பு, 43 விளையாட்டுகள். எங்கள் அனுமந்தையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்பட்டால், மரக்காணம் உப்பளங்களைக் கடந்து, மாமல்லபுரம் வழியாகச் சென்றுவிடலாம். மாலையில் மத்ரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளுக்கு அதைத் தவிர வேறு பேச்சில்லை. பதினொரு வயதான என் மகனும் பதினைந்து வயதான மகளும் என்னை விடுவதாக இல்லை. ஜனவரியில் ஒரு நாள் செல்வதென்று முடிவு செய்தேன்.

"நீங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நான் வரலைங்க" என்றாள் என் மனைவி. உடை என்ன ஆகும், தொழுகை என்ன ஆகும், உணவு ஹலாலா, அந்தக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் என்ன செய்வது என்று அடுக்கினாள். அம்மாவோ தம் முழங்கால் வலியைக் காரணம் காட்டினார்கள்.

அச்சம் அவர்களுடையது என்றே நானும் முதலில் எண்ணினேன். அன்றிரவு யோசித்தபோதுதான் உண்மை உறைத்தது. 'உஸ்தாதின் மனைவி ராட்டினம் ஏறினாளாம்' என்று ஊர் பேசுமே என்ற அச்சம் என்னுடையது. அதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆயினும் பல ஆண்டுகளாக அவள் அதை என் முகத்தில் படித்திருக்கிறாள். நான் மறுக்கும் முன்பே தானாக மறுத்துவிடப் பழகியிருக்கிறாள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், பெருநாளன்று அபிசீனியர்களின் ஈட்டி விளையாட்டை அன்னையார் சலிக்கும்வரை காண்பித்ததையும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். பாடம் நடத்தியவனே பாடத்தைப் படிக்கவில்லை! மறுநாள் காலை, "நீ வந்தால்தான் நாங்கள் போவோம்" என்றேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படின்னா வர்றேன்" என்றாள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. முதன்முறை செல்லும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், நாங்கள் கட்டிய கயிறுகளை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, உடை. நீர் விளையாட்டுகளில் நைலான் போன்ற செயற்கை இழைத் துணியையே பூங்காக்கள் வலியுறுத்துகின்றன. பருத்தி நூல் பிரிந்து, நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டிகளை அடைத்துவிடும் என்பது அதற்கொரு காரணம். உடல் முழுவதையும் மறைக்கும் நைலான் உடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அனுமதி உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நன்று. நீரில் இறங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் எவருக்கும் இல்லை. என் மனைவியும் அம்மாவும் இறங்கவில்லை. அதனால் அவர்களின் மகிழ்ச்சி குறைந்துவிடவும் இல்லை. மற்ற விளையாட்டுகளுக்கு, முழுதும் மறைக்கிற, ஆனால் காற்றில் பறக்காத உடை வேண்டும். தொங்கும் துணி இயந்திரத்தில் சிக்கினால் ஆபத்து. தலைத்துணியை இறுகக் கட்டி நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும்.

இரண்டாவது, தொழுகை. லுஹரும் அஸரும் பூங்காவிலேயே வந்துவிடும். இரண்டு முஸல்லாக்களை எடுத்துச் சென்றோம். ஒதுக்குப்புறமான நிழலில், ஒருவர் பைகளைப் பார்த்துக்கொள்ள மற்றவர் என முறைவைத்துத் தொழுதோம். எவரும் எங்களை ஏன் என்று கேட்கவில்லை.

உணவில் ஐயம் வந்த இடத்தில் சைவ உணவோடு நிறுத்திக்கொண்டோம். சுழலும் விளையாட்டுகளுக்கு முன் அரை வயிறு உண்பதே நல்லது. மகனின் சட்டைப் பையில் என் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தோம். பிரிந்துவிட்டால் வந்து நிற்கவேண்டிய இடத்தையும் உள்ளே நுழைந்தவுடனே காட்டிவிட்டோம். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பதே போதுமானதாயிருந்தது. கருவுற்றவர்களும், இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் வேகமான விளையாட்டுகளைத் தவிர்த்தே ஆகவேண்டும். உயர அளவுகோலை எட்டாத பிள்ளைக்காக ஊழியரிடம் வாதாடக் கூடாது. அந்த அளவு பிள்ளையைக் காப்பதற்கே வைக்கப்பட்டது.

பெரிய ரோலர் கோஸ்டரின் வரிசையில் நின்றபோது மகன் என் கையைப் பற்றினான். "அத்தா, வயிறு வலிக்குது."

எனக்கு அந்த வயிற்று வலி நன்கு தெரியும். தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா 1995-ல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து அங்கே சுற்றுலா சென்றோம். நண்பர்கள் அனைவரும் ஏற, நான் வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு, அவர்களுடைய பைகளைக் காத்து நின்றேன். அச்சத்தைவிட அந்தப் பொய்தான் பல ஆண்டுகள் என்னை உறுத்தியது.

அவனை வரிசையிலிருந்து வெளியே அழைத்து வந்தேன். "வயிறு வலிக்குதா, பயமா இருக்கா? அத்தாவுக்கும் பயந்தான்" என்றேன். அவன் வியப்போடு என்னைப் பார்த்தான். உஸ்தாதுக்கும் பயம் வரும் என்பது அவனுக்குப் புதிய செய்தி!

இருவரும் நின்று அந்த வண்டி ஓடுவதை மூன்று முறை பார்த்தோம். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். எனினும் புறப்படுமுன் படித்திருந்ததைச் சொன்னேன். இத்தகைய வண்டிகளின் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலே மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் அடியிலும் பற்றியிருக்கும். ஆகையால் தலைகீழானாலும் வண்டி தடத்தை விட்டு விலகாது. பல வண்டிகள் மேலேறும்போது கேட்கும் 'டக் டக்' ஓசை, அவை பின்னோக்கிச் சரியாமல் தடுக்கும் பற்களின் ஓசை. உச்சியைக் கடந்தபின் இழுப்பது புவியீர்ப்புதான். உட்கார்ந்தவர்களின் பூட்டை ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்ப்பதையும் அவனுக்குக் காட்டினேன்.

அனைத்தையும் கேட்டுவிட்டு, "சின்னதுல ஏறலாமா, அத்தா?" என்றான். ஏறினோம். கண்களை மூடிக்கொண்டு நான் ஓதிய திக்ருக்குக் கணக்கில்லை.

பெரியதில் ஏறியவர்கள் என் மகளும் மனைவியும்! நான் மகனோடு கீழே நின்று பைகளைக் காத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த அதே வேலைதான். ஆனால் இம்முறை பொய் இல்லை. இறங்கி வந்தவளின் முகத்தில் நான் கண்ட சிரிப்பு, எங்களுக்குத் திருமணமான புதிதில் கண்டது. நடுவில் அது எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. விடை எனக்குத் தெரியும்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மரக்காணத்தைத் தாண்டும்போது மழைக்காலம் முடிந்த உப்பளங்கள் நிலவொளியில் கிடந்தன. வரப்பில் முதன்முதலாக நடக்கும் குழந்தையை நாம் தள்ளுவதும் இல்லை, தூக்கிக்கொண்டு ஓடுவதும் இல்லை. விரலைக் கொடுத்து உடன் நடக்கிறோம். முதன்முறை செல்பவர்க்கு வேண்டியது அவ்வளவே.

நம் இல்லங்களில் உள்ளோர் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் அச்சங்களை அறிந்துகொள்ளும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.