சேதக் சவாரி

ஐந்தாறு வருஷங்களாக மனத்திற்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரைச் சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மெய்யாகவே வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். புது வண்டி அல்ல, எனக்குத்தான் புதிது. 1994-ஆம் வருஷத்து பஜாஜ் சேதக். பள்ளிக்கூடத்து வாத்தியார் மிச்சம் பிடித்த பணத்தில் இவ்வளவுதான் கிடைக்கும்.

"ஊரெல்லாம் மின்சார வண்டிக்குப் போகிறது. நீங்கள் புகைவண்டிக்குப் போகிறீர்களே!" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சேதக் என்ற பெயரிலேயே 2020-இலிருந்து மின்சார ஸ்கூட்டர் விற்பனையாகிறது. ஆனாலும் 1972-இல் இத்தாலியப் பெயரை விட்டுவிட்டு, ராணா பிரதாபனுடைய குதிரையின் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்ததே, அந்தப் பழைய இரும்புத் தகட்டுக் குதிரைதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்தக் குதிரையை எழுப்புவதற்கென்று ஒரு சடங்கு உண்டு. பெட்ரோல் குழாயைத் திறந்து, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு உதைக்கவேண்டும். ஏன் சாய்க்கவேண்டும் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்லுவார்கள். சாய்க்காமல் உதைப்பவர் மட்டும் ஒருவரும் இல்லை.

மற்ற என்ஜின்களில் பிஸ்டன் இரண்டு தரம் மேலே போய் இரண்டு தரம் கீழே வந்தால்தான் ஒரு தடவை பெட்ரோல் எரியும். இதிலோ ஒரு தரம் போய் வந்தாலே போதும். எண்ணெயையும் பெட்ரோலோடு சேர்த்தே ஊற்றிவிடவேண்டும்; லிட்டருக்கு 20 மில்லி என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணெய் எரிந்துதான் நீலப் புகையாக வருகிறது. பெட்ரோலிலும் ஒரு பங்கு எரியாமலே வெளியேறிவிடுகிறது. இந்த ஜாதி என்ஜின் மறைந்துபோனதற்கு அதுதான் காரணம். வகுப்பில் காற்றின் மாசைப் பற்றிப் பாடம் சொல்லுகிறவன் இதை அறியாதவனல்ல. ஆகையால், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் என்று மனச்சாட்சியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டேன்.

முதல் ஞாயிறன்று, "நானும் வருகிறேன்" என்று அப்பா வந்து நின்றார். அவருக்கு வயது 78. தலைக்கவசத்தை மாட்டிவிட்டதும், நாடகத்தில் ராஜபார்ட் கட்டியவரைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கும்பகோணத்தைத் தாண்டி ஸ்வாமிமலைச் சாலையில் திரும்பியபோது பனி இன்னும் விலகவில்லை. கதிர் முற்றிய சம்பா வயல்கள் தலைசாய்ந்து கிடந்தன. இடது கைப்பிடியைத் திருகி மூன்றாவது கியரிலிருந்து நான்காவதற்கு மாற்றினேன். அதுவரையில் உறுமிக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று சுருதி இறங்கிப் பாட ஆரம்பித்தது. ஈர மண் வாசனை, வைக்கோல் வாசனை, எங்கேயோ காப்பிக் கொட்டை வறுக்கும் வாசனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. நாற்பது வயதைக் கடந்தவன் நடுச்சாலையில் காரணமில்லாமல் சிரித்தால் அழகாயிராது. சிரித்தேன்.

ஸ்வாமிமலைக்குச் சற்று முன்னால் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால், முனையில் ஒரே கரி. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மதகுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு வண்டி வந்தது, தெரியுமோ உனக்கு?" என்றார்.

எனக்குத் தெரியாது. 1980-இல் முன்பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்தாராம். அந்த நாளில் இந்த வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டும். 1987-இல் முறை வந்தது. அதே மாதத்தில் என் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

"ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் கேட்டார். விலைக்கு மேலேயே கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். பேர் என்னுடையது, வண்டி அவருடையது."

"கல்யாணத்துக்குத்தானே, அப்பா!"

"கல்யாணத்துக்குத்தான். ஆனால் அதிக விலைக்கு விற்கிறவனைத் திருடன் என்று வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பச்சை நிற வண்டி. தினம் காலையில் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகவே போகும். நான் நடந்து வந்துகொண்டிருப்பேன். அவர் பாவம், ஹாரன் அடித்துக் கும்பிடு போடுவார்."

இத்தனை வருஷங்களில் அவர் ஸ்கூட்டர் என்ற சொல்லையே வீட்டில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அத்தையின் காதுக்கும் இது எட்டியிராது. என்ன பதில் சொல்லுவதென்று தெரியாமல், ப்ளக்கைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டி முடித்ததும், "நான் உதைத்துப் பார்க்கட்டுமா?" என்றார். இந்த வயதில் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வண்டியைச் சாய்த்து நிமிர்த்திக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதல் உதைக்குப் பேசாமலிருந்தது. இரண்டாவது உதைக்கு நீலப் புகையுடன் கிளம்பிற்று.

ஸ்வாமிமலையில் படியேறாமல் கீழே நின்றபடியே முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு காப்பி சாப்பிட்டுத் திரும்பினோம். ஊருக்குள் நுழையும்போது அப்பா என் தோளைத் தட்டினார்.

"என் பள்ளிக்கூடத்து வழியாகப் போ."

போனேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் வாசற்கதவு பூட்டியிருந்தது. காவற்காரர் மட்டும் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஹாரன் அடி" என்றார் அப்பா.

அடித்தேன்.