புகையின் சாட்சியம்

ஒரு சமுதாயம் அறிவை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அதன் பட்டமளிப்பு விழாக்களைக் காட்டிலும் அதன் பட்டறைகளைப் பார்ப்பதே நன்று. கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எனக் கடலை ஒட்டியே அக்கரைப்பற்று வரை செல்லும் பெருந்தெருவின் இருமருங்கிலும் மோட்டார் வாகனங்களைத் திருத்தும் கராஜ்கள் பல உள்ளன. தகரக் கூரையின் கீழ், எண்ணெய் ஊறிய மணலிலே முதுகைக் கிடத்தி வேலை செய்யும் இளைஞருட் பலர், நேற்று நமது வகுப்பறைகளின் கடைசி வாங்குகளில் இருந்தவர்கள். "படிப்பு ஏறாதவர்கள்" என்ற இரண்டு சொற்களிலே அவர்களுடைய கணக்கை நாம் முடித்து விடுகின்றோம். அந்தக் கணக்குச் சரியானதுதானா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் துணையாக ஒரு சிறு கருவியை எடுத்துக்கொள்வோம்.

பெற்றோலில் ஓடும் இன்றைய மோட்டார் வாகனத்தின் புகைக் குழாயிலே, பெருவிரலின் பருமனுள்ள ஒரு கருவி திருகி வைக்கப்பட்டிருக்கும். கராஜ்காரர் 'சென்சர்' என்று சுருக்கமாகச் சொல்லும் ஒட்சிசன் உணரி அதுவேயாகும். 1 கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் கலவை செறிவாகும்; பெற்றோல் அரைகுறையாக எரிந்து, கரியாகவும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவாகவும் வெளியேறும். காற்று மிகுந்தால் கலவை மெலிவாகும். எஞ்சின் வலுவிழந்து திணறும். ஆகவே, கலவை சரியாக இருக்கின்றதா என்பதை எவரேனும் ஓயாது கண்காணிக்க வேண்டும். அந்தக் காவல் வேலையைத்தான் இவ்வுணரி செய்கின்றது.

அது செய்யும் முறை வியப்புக்குரியது. உணரியின் உள்ளே சேர்க்கோனியம் ஒட்சைட்டினாலான மட்பாண்டம் போன்ற ஒரு சிறு குப்பி இருக்கின்றது. அதன் இரு புறமும் மெல்லிய பிளாற்றினப் பூச்சு உண்டு. குப்பியின் உட்புறத்திலே வெளிக்காற்று. வெளிப்புறத்திலே எஞ்சினின் புகை. வெப்பம் 300 பாகை செல்சியசைத் தாண்டியதும், இரு பக்கங்களிலுமுள்ள ஒட்சிசனின் வேறுபாடு ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படுகின்றது. புகையிலே ஒட்சிசன் மிஞ்சவில்லை என்றால், அதாவது கலவை செறிவாயின், அது 0.8 அல்லது 0.9 வோல்ற்றைக் காட்டும். ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ற்றளவுக்கு இறங்கிவிடும். சரியான கலவை இவ்விரண்டுக்கும் நடுவே, 0.45 வோல்ற்றையொட்டி இருக்கின்றது. இச்செய்தியை வாங்கும் கணினி, செறிவென்றால் பெற்றோலைக் குறைக்கின்றது, மெலிவென்றால் கூட்டுகின்றது. எனவே, நலமாக ஓடும் எஞ்சினிலே இந்த அளவீடு ஊஞ்சல் போல ஓயாது மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருக்கும். ஆட்டம் நின்றால் எங்கோ கோளாறு என்பது பொருள்.

மின்னழுத்தத்துக்கும் கரைசல்களின் செறிவுக்குமுள்ள உறவை ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நேர்ன்ஸ்ட் 1889 இல் சமன்பாடாக வகுத்தார். அவ்வுறவே இக்கருவியின் அடிப்படை. அவருடைய நாட்டின் பொஷ் நிறுவனம் செய்த உணரி, 1976 இல் வொல்வோக் கார்களிலே முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் புகைக்கு எதிராகக் கடுஞ்சட்டம் இயற்றியிருந்தமையே அதற்குக் காரணம். முதலாளிகள் தாமாக மனம் இரங்கிக் காற்றைத் தூய்மை செய்ய முன்வந்தார்கள் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. சட்டம் வந்தது, கருவியும் வந்தது. நமது நாட்டிலோ 2002 ஜூன் மாதம் வரை பெற்றோலிலே ஈயம் கலக்கப்பட்டு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. அதுவே இவ்வுணரியின் பிளாற்றினத்தையும் மூடிக் கெடுப்பது. உலகில் ஈயப் பெற்றோல் விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா 2021 இலேதான் அதனைக் கைவிட்டது. நஞ்சென்று தெரிந்த பின்னரும் ஒரு பொருளைச் சந்தையிலிருந்து அகற்ற மனித குலத்துக்கு எத்தனை தலைமுறைகள் வேண்டியிருந்தன!

இனி, நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 2022ஆம் ஆண்டை இந்நாட்டில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார். அவ்வாண்டு ஜூன் 26ஆம் தேதி 92 ஒக்டேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாகியது. பின்னர் தேசிய எரிபொருள் அனுமதி வந்தபோது, ஒரு வேனுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என அளந்து கொடுத்தார்கள். மாணவரை ஏற்றி இறக்கிப் பிழைக்கும் ஒரு வேன் சாரதி நமக்குத் தெரிந்தவர். ஜப்பானிலே பல்லாண்டு ஓடிய பின் இங்கு இறக்குமதியான சிறிய வேன் ஒன்றே அவருடைய முழுச் சொத்து. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் அதை மாற்றவும் வழியில்லை. அந்த வேன் திடீரெனப் பெற்றோலைக் குடிக்கத் தொடங்கியது. வாரத்துக்குப் போதுமாயிருந்த எரிபொருள் நாலாம் நாளே தீர்ந்தது. முன்பலகையிலே மஞ்சள் விளக்கு எரிந்தது; பின்னாலே கரும்புகை வந்தது.

அவர் ஒரு திருத்துமிடத்துக்குச் சென்றார். அங்கே கணினிக் கருவியை மாட்டிப் பார்த்து, "கலவை மெலிவு" என்ற குறியீடு வருகின்றது, உணரி பழுது என்று சொல்லிப் புதியதொன்றைப் பூட்டினர். சில நாட்களில் விளக்கு மீண்டும் எரிந்தது. இன்னோரிடத்திலும் அதே குறியீடு, மீண்டுமோர் உணரி. இரண்டும் சேர்ந்து அவருடைய ஒரு மாத உழைப்பை விழுங்கிவிட்டன. மூன்றாவதாக ஒரு சிறிய கராஜுக்கு அவர் போனபோது நாமும் உடன் சென்றிருந்தோம். அங்கே வேலை செய்தவன் நமது பழைய மாணவன்; சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்திற் சித்தியடையாமல் பாடசாலையை விட்டு நீங்கியவன்.

அவன் முதலிற் செய்தது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தது. அதிலே கரி அப்பியிருந்தது. பிறகு மல்ரிமீற்றரின் கம்பிகளை உணரியின் இணைப்பிலே கொடுத்துப் பார்த்தான். முள் 0.1 வோல்ற்றை விட்டு அசையவில்லை.

"காக்கா, பிளக்கு பெற்றோல் கூடிப்போச்சு எண்டு சொல்லுது. சென்சர் பெற்றோல் காணாது எண்டு சொல்லுது. ரெண்டு சாட்சியும் ரெண்டு விதமாச் சொல்லுதே!" என்றான்.

"அப்ப சென்சர்தானே தம்பி பொய் சொல்லுது? இன்னொண்டு வாங்கணுமா?" என்று சாரதி கலங்கிப்போய்க் கேட்டார்.

"இல்ல காக்கா. சென்சருக்குப் பெற்றோல் தெரியாது; ஒட்சிசன் மட்டுந்தான் தெரியும். ஒட்சிசன் இருக்கு எண்டு அது சொல்லுது. எங்கேயிருந்து வந்தது எண்டுதான் நாம தேடணும்."

இந்த மறுமொழியைக் கேட்டபோது நாம் சற்று நேரம் வாயடைத்து நின்றோம் என்பதே உண்மை. ஒரு சான்று எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவதுதான் விஞ்ஞானத்தின் முதற்பாடம். இலக்கிய ஆராய்ச்சியின் முதற்பாடமும் அதுவே. பல்கலைக்கழகத்திலே பாடபேதங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது நமக்கு அதனைத்தான் கற்பித்தார்கள்.

எஞ்சின் ஆறிய பின் அவன் புகைக் குழாயின் மூட்டுகளிலெல்லாம் சவர்க்கார நீரைப் பூசினான்; வால்குழாயைப் பழந்துணியால் அடைத்து எஞ்சினை இயக்கச் சொன்னான். உணரிக்குச் சற்று முன்னே இருந்த மூட்டிலே குமிழ்கள் எழுந்தன. கடற்காற்றின் உப்பு அந்த இரும்பை அரித்துவிட்டிருந்தது. புகை துடிப்புத் துடிப்பாகவே குழாயிற் செல்கின்றது; ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையிலே, கறள் தின்ற வெடிப்பின் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டது. காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன். அதைக் கண்ட உணரி உள்ளதை உள்ளபடியே சொன்னது. கணினி அதனைக் கலவை மெலிவென்று கொண்டு, தேவையற்ற பெற்றோலை மேன்மேலும் கொட்டியது. குழாயை ஒட்டி, கஸ்கற் ஒன்றை மாற்றியதும் முள் மறுபடியும் ஊஞ்சலாடத் தொடங்கியது. கூலியாக அவன் கேட்ட தொகை, ஒரு புதிய உணரியின் விலையிலே சிறு பங்குதான்.

இதிலே சிந்திக்க வேண்டியது யாது? குறியீட்டைக் காட்டும் கருவி இன்று அரிதன்று. சிறிய கராஜ்களிலும் அது வந்துவிட்டது. ஆனால் குறியீட்டை வாசிப்பது வேறு, அதன் பொருளை அறிவது வேறு. பொருள் அறியாத இடத்திலே வியாபாரம் நுழைகின்றது. ஐயம் எழுந்தபோதெல்லாம் ஓர் உதிரிப்பாகம் விற்கப்படுகின்றது. அறியாமைக்கான அபராதத்தைச் செலுத்துபவர், அந்த அறியாமைக்குப் பொறுப்பில்லாத ஏழைச் சாரதி. அவரோடு சேர்ந்து, கரும்புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளும் செலுத்துகின்றனர். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுக்கொரு முறை புகைப் பரிசோதனை நடைபெறுகின்றது, அது வேண்டியதே. எனினும், ஆண்டின் ஏனைய நாட்களிலே புகையின் சாட்சியத்தைக் கேட்பவர் கராஜ் தொழிலாளியே. நஞ்சைக் குறைக்கும் ஊக்கிப் பெட்டியையே கழற்றிவிட்டு ஓடும் வாகனங்களும் உண்டு. அதிலுள்ள பிளாற்றினத்துக்கு விலை கிடைக்கின்றது. தெருவோரப் பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தச் சந்தையிலும் விலையில்லை.

அந்த இளைஞன் இவ்வறிவை எங்கே பெற்றான் என்று விசாரித்தோம். திருத்தும் முறைகளைக் கூறும் கைந்நூல்கள் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் இருக்கின்றன. தனக்கு மூத்த ஒரு தொழிலாளியிடம் கேட்டும், படங்களைப் பார்த்தும், அகராதியைப் புரட்டியும் ஐந்தாறு ஆண்டுகளில் அவன் சிறுகச் சிறுகச் சேர்த்த அறிவு அது. அதே நேரத்தில், "காற்றில் ஒட்சிசன் எத்தனை சதவீதம்?" என்ற வினாவுக்கு நமது மாணவர் அனைவரும் தூக்கத்திலும் விடை சொல்வர். விடை தெரிந்தவனுக்கு அதன் பயன் தெரியவில்லை. பயன் தெரிந்தவனை நாம் படிக்காதவன் என்கின்றோம். இந்தப் பிளவை உண்டாக்கியவர் யார்? கையால் உழைப்பதைத் தாழ்வென்றும், நாற்காலியில் இருப்பதை உயர்வென்றும் பழக்கிய கல்விமுறையல்லவா?

"இவையெல்லாம் ஆங்கிலத்தில் உள்ள விஷயங்கள், தமிழிலே சொன்னால் விளங்குமா?" என்று சில நண்பர் கேட்பதுண்டு. ஆங்கிலம் கற்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது ஒரு பெரிய வாயில்தான். ஆனால் வாயிலைத் திறக்க முடியாதவன் தெருவிலேயே நிற்கட்டும் என்று விடுவது நியாயமாகாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அன்று உடற்கூற்றைத் தாங்கிய மொழி, இன்று ஒரு புகைக் குழாயைத் தாங்காதா? ஒட்சிசன், ஊக்கி, மின்னழுத்தம், செறிவு ஆகிய சொற்களெல்லாம் நமது பாடநூல்களிலே ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லும் வேலைதான் செய்யப்படாமற் கிடக்கின்றது.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! இதற்குப் பெருந்திட்டங்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2013 முதல் உயர்தர வகுப்புகளிலே தொழில்நுட்பவியற் பிரிவு நடைபெறுகின்றது. அதன் மாணவர் அருகிலுள்ள கராஜுக்கு மாதமொரு முறை சென்று வரலாம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், கழற்றியெறிந்த பழைய உணரி ஒன்றையும் மல்ரிமீற்றரையும் வகுப்பிலே வைத்துப் பாடஞ் சொல்லலாம். தமிழாசிரியராகிய நாம் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களையும் பாடநூற் சொற்களையும் அருகருகே வைத்து ஒரு சிறு கையேடு ஆக்கலாம்; அதற்கான குறிப்பேட்டில் இதுவரை சில பக்கங்களை நிரப்பியுமுள்ளோம். மாணவர் மன்றக் கூட்டத்துக்கு அரசியல்வாதியை அழைப்பதற்குப் பதிலாக, ஒரு மெக்கானிக்கைப் பிரதம பேச்சாளராக அழைக்கலாம். முதன்முறை சிலர் சிரிப்பர், சிரிக்கட்டும்.

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலே மறுபடியும் திறந்துவிடப்பட்டது. இந்தத் தெருவிலே புதிய யந்திரங்கள் வருகின்றன. அவற்றிலே இன்னும் நுட்பமான உணரிகள் இருக்கின்றன. அவற்றின் மொழியைப் படிக்கத் தெரிந்தவர் சிலராகவும், படிக்கத் தெரியாமற் பணம் கொடுப்போர் பலராகவும் இருக்கும்வரை, யந்திரம் உழைப்பவனுக்கு எசமானாகவே இருக்கும். அதனைப் பணியாளாக்கும் கல்வியை உழைப்பவனுடைய சொந்த மொழியிலே கொடுப்பது நமது கடமை. அக்கடமையை நாளை வகுப்பறையிலேயே தொடங்கலாம்.