கரையாம்புத்தூர் துச்சாதனன்

வார இதழ் ஒன்றில் தொலைக்காட்சித் தொடர் நடிகை ஒருவரின் பேட்டி வந்திருந்தது. போலீஸ் அதிகாரி வேடம். கயிற்றில் தொங்குகிறார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறார். பேட்டியில் பாதி இடத்தை ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்து அடைத்துக்கொண்டிருந்தது: குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சண்டைக் கதாநாயகர் எவரிடமாவது இதைக் கேட்டிருக்கிறார்களா என்று தோழியிடம் எரிச்சல்பட்டேன். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவள் அவள். “கரையாம்புத்தூர்ல ஒருத்தி கூத்துல துச்சாதனன் கட்டுறா. ரெண்டு புள்ளைங்க. போய்ப் பாரு” என்றாள்.

பாகூர் கொம்யூனில் கரையாம்புத்தூர் இருக்கும் பக்கம் எல்லைக்கோடு ஒழுங்காக ஓடாது. கரும்பும் நெல்லுமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தமிழ்நாடு வந்துவிடும். கொஞ்ச தூரத்தில் மறுபடி புதுச்சேரி. சாராயக் கடைப் பலகையைப் பார்த்து எந்த அரசாங்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். கூத்துக்கு இந்த எல்லை கிடையாது. தென்பெண்ணைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் திரௌபதி அம்மன் கோயில்கள், பாரதம் படிப்பு, தீமிதி. கரையாம்புத்தூர்க் கூத்துச் செட்டுக்கு ஆட்டத்துக்கான தாம்பூலம் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்துதான்.

துச்சாதனன் கட்டுபவர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மாமியார் வீட்டுச் சொந்தங்களில் இன்னும் சிலருக்குத் தெரியாதாம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஒரு தகரப் பெட்டி. திறந்ததும் கண் கூசியது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வர்ணத்தாள் ஒட்டி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. கையில் எடுத்தால் கனமே இல்லை. “இப்ப கனம் தெரியாதுக்கா. மணி மூணுக்குத் தெரியும்” என்றார்.

‘கட்டை’ என்று சொல்லப்படும் இந்த அணிகள் முழுவதும் ஆண் உடம்புக்கு அளவெடுத்த சாமான். அப்பாவின் புஜக்கட்டை இவர் தோளைத் தாண்டி வெளியே நின்றது. கிறிக்கி என்கிற சுழலாட்டம் சுற்றும்போது கழன்று ஒருமுறை ஆர்மோனியத்தின் மேல் போய் விழுந்திருக்கிறது. அதன்பிறகுதான் ஆசாரி ஒருவரைப் பிடித்துத் தன் தோளுக்குத் தனியாகச் செய்துகொண்டார். மார்ப்பதக்கத்தில்தான் சிக்கல். ஆண்களுக்கு அது தட்டைப் பலகை. இழுத்து முதுகில் கயிற்றால் கட்டினால்தான் ஆடும்போது அசையாது. ஆசாரிக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்று கூச்சப்பட்டு, கடைசியில் அம்மாவை அனுப்பிச் சொல்லவைத்தாராம். பின்பக்கம் லேசாகக் குடைந்து, ஓரத்தில் பழைய புடவைத் துணியை மடித்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் துணியில் பழுப்பாக ஒரு கறை.

இரண்டாவது பிள்ளை பிறந்து மேடைக்குத் திரும்பிய வருடத்தின் கறை அது. விடிய விடியக் கூத்து. நடுராத்திரிக்கு மேல் பால் கட்டிக்கொள்ளும். பதக்கத்தின் கயிறு அந்த இடத்திலேயே இறுக்கும். “நெஞ்சு கல்லாட்டம் ஆயிடும். துகில் உரியறதுக்கு முன்னாடி கட்டியக்காரன் மாமா கத நீட்டுவாரு. ஜனம் சிரிச்சிக்கினே இருக்கும். நான் திரைக்குப் பின்னாடி உக்காந்து பால் குடுப்பேன்.” பிள்ளை அரிதார முகத்தைப் பார்த்ததும் வீறிட்டதாம். “மூஞ்சிய துண்டால மூடிக்கினாதான் குடிப்பான்.” இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

மேடைக்கு வந்த கதையில் சாராயத்துக்குப் பங்குண்டு. அப்பா கூத்து வாத்தியார். மகள் பின்பாட்டுக்கு உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்திருந்தவர். ஓர் இரவு துச்சாதனன் கட்ட வேண்டியவர் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வரப்பிலேயே படுத்துவிட்டார். எழுப்பிப் பார்த்தும் பலனில்லை. ஊரார் கோபத்தில் இருக்க, அப்பா மகளைக் கூப்பிட்டு முகத்தில் செந்நிறத்தைப் பூசிவிட்டார். விடியும்வரை பெண் என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தபின் சிலர் முணுமுணுத்தார்கள். அடுத்த வருடம் அதே ஊர் இவரையே கேட்டுத் தாம்பூலம் கொடுத்தது.

தமிழ் மேடைக்கும் திரைக்கும் சண்டை போடும் பெண் புதிதல்ல. 1937-இல் வந்த ‘மின்னல் கொடி’யில் கே.டி. ருக்மணி வாளெடுத்துவிட்டார். 1990-இல் வந்த தெலுங்குப் படத்தின் போலீஸ் வேடத்துக்கு விஜயசாந்தி தேசிய விருதே வாங்கினார். அந்தப் படம் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ ஆகத் தமிழில் ஓடியது. கூத்துதான் பிடிவாதமாக ஆண்களிடம் இருந்தது. அந்தக் கதவைத் திறந்ததில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்துக்குப் பெரிய பங்கு. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் படித்தார்கள், பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். கூத்துக் கலைஞர் திலகவதி பழனி அங்கிருந்து வந்தவர். படித்து முடித்த பெண்கள் பலருக்குக் கல்யாணம்தான் அடுத்த தேர்வாக வந்தது என்பதும் கூத்து வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. 2020-இல் குருகுலம் மூடப்பட்டது.

புதுச்சேரிக்கே ஒரு கதை உண்டு. பாரிஸிலிருந்து நாடக இயக்குநர் ஆரியான் மிநூஷ்கின் தம் ‘தெயாத்ர் துய் சொலேய்’ குழுவோடு 2016-இல் இங்கே வந்து தங்கினார். புரிசை கண்ணப்ப சம்பந்தன் தெருக்கூத்துச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து வந்த நாடகம் பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஓடியது. வெள்ளைக்காரப் பெண் கூத்து வேஷம் கட்டினால் கலைப் பரிமாற்றம். கரையாம்புத்தூர்ப் பெண் கட்டினால், “வீட்ல ஒண்ணும் சொல்லலையா?”

துகில் உரியும் கூத்து இரவன்று ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கோயில் திடலில் உட்கார்ந்திருந்தேன். ராகமும் தாளக்கட்டும் எனக்குப் பிடிபடாதவை, அவற்றை விட்டுவிடுகிறேன். சூதாட்டப் பகுதி இழுத்துக்கொண்டே போனது, தூங்கியும் போனேன். துச்சாதனன் திரைக்குப் பின்னிருந்து முதல் குரல் கொடுத்ததும் எனக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்த கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டார். திரை விலகியது. சலங்கை ஒரே சீராக அதிர, கட்டை பளபளக்க, களரி முழுவதும் கிறிக்கி. பாவாடை விரிந்து சுழன்றது. நின்ற இடத்தில் மூச்சு வாங்கவில்லை, அப்படியே பாட்டெடுத்தார். நான் அசந்துபோனது இந்த இடத்தில்தான்.

திரௌபதியாக நின்றவர் ஐம்பதைத் தாண்டிய ஆண். புடவையில் கை வைக்கும் முன் துச்சாதனன் கற்பூரம் ஏற்றி, அவர் காலில் விழுந்து, “தாயே, வேஷத்துக்காகத்தான் தொடறேன், பொறுத்துக்கோ” என்று கும்பிட்டார். இது பழைய வழக்கம், யார் கட்டினாலும் செய்வார்கள். பெண் ஒருத்தி, புடவை கட்டிய ஆணின் காலில் விழுந்து, பெண்ணைத் தொட்டதற்காக மன்னிப்புக் கேட்கிறாள். திடலில் யாருக்கும் இதில் குழப்பமே இல்லை. புடவை இழுக்கத் தொடங்கியதும் கிழவி மண்ணை வாரித் தூற்றினார். “நாசமாப் போவான்!”

காலை ஏழு மணிக்கு வீட்டில் அந்த நாசமாய்ப் போகிறவர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்தபடியே உலையில் அரிசி போட்டார். காது மடலில் சிவப்பு ஒட்டியிருந்தது. கணவர் அதே செட்டில் மிருதங்கம். இருவரும் ஒரே வேனில்தான் வந்து இறங்கினார்கள். கணவர் பாய் விரித்துப் படுத்துவிட்டார். நல்ல மனிதர்தான், மனைவி கட்டை கட்டுவதைப் பெருமையாகச் சொல்கிறார். இரவெல்லாம் வாசித்தவர் பகலில் தூங்க வேண்டும் என்பது அந்த வீட்டில் விதி. இரவெல்லாம் ஆடியவருக்கு அப்படி எதுவும் விதிக்கப்படவில்லை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, “ஸ்கூல் வேன் போனப்புறம் ஒரு மணிநேரம் கெடப்பேன்” என்றார்.

காசு விஷயத்துக்கு வந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. கோயில் தர்மகர்த்தாவுக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு ஏஜெண்டு. “பொம்பள கட்டை கட்டுது” என்று சொல்லிக் கோயிலில் கூடுதலாகக் கேட்பது அவர்தான். பங்கு பிரிக்கும்போது “பொம்பளைக்கு எதுக்கு ராஜவேஷக் கூலி” என்று குறைப்பதும் அவரேதான். ஒரே காரணத்தைக் காட்டி இரண்டு பக்கமும் சம்பாதிக்கிற இந்தச் சாமர்த்தியத்துக்கு முதலீடு ஒரு செல்போன். கிறிக்கி சுற்றி முட்டி தேய்வது ஒருவருக்கு, கமிஷன் இன்னொருவருக்கு. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. இவர் ஆடுவது தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு புதுச்சேரியில். எந்த ஆபீசில் நிற்பது என்று கேட்டார்.

தொலைக்காட்சிக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு புராணத் தொடரில் போர்க்களக் கூட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஃபைபர் கத்தி, தெர்மாகோல் கவசம். “கத்திய ஓங்குனா ‘கட்’னுவாங்க. மறுபடி ஓங்குனா மறுபடி ‘கட்’. இங்க விடியறவரைக்கும் கட்டே கெடையாது. ஆனா ஒண்ணுக்கா, அங்க மணிக்கு டீ வந்துது. பாத்ரூம் இருந்துது. கூத்துல பொம்பளைக்கு அது எங்க இருக்குது?” அந்தக் கூலியிலும் ஆள் பிடித்தவர் பாதியை எடுத்துக்கொண்டாராம்.

செல்போன் அடித்தது. அக்கரை ஊர் ஒன்றிலிருந்து நேரடியாகவே பேசினார்கள். ஏஜெண்டுக்குத் தெரியாமல் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். மகளின் சடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ரிப்பனைத் தேடினார். பிறகு சடையை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“துச்சாதனன்னா தனி ரேட்டுண்ணே. பாதி அட்வான்ஸு. வேன் வாடகை உங்களுது. புள்ளைக்கு பரிச்சை பதினஞ்சாந்தேதி முடியுது, அதுக்கப்பால தேதி சொல்லுங்க. அப்புறம், திடலுக்குப் பக்கத்துல கக்கூசு இருக்கற வீடா ஒண்ணு பாத்து வையுங்க.”